ஓடோமீட்டரில் தெரியாத வயது

பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதைத்தான். 80,000 என்று பதில் வந்தால் முகம் மலர்கிறது. 2,40,000 என்று வந்தால் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் பலர் திரும்பிவிடுகிறார்கள். யாரும் கைவைத்துத் திருத்தாதவரை ஓடோமீட்டர் சொல்வது உண்மைதான். ஆனால் அது சொல்வது வண்டி கடந்த தூரத்தை மட்டுமே, வண்டியின் வயதை அன்று. அதிகம் ஓடிய காரை நம்பி வைத்துக்கொள்ளலாமா, எதைப் பழுதுபார்ப்பது, எதை விட்டுவிடுவது என்ற குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகின்றன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,40,000 கி.மீ. ஓடிய இரண்டு கார்களில் ஒன்று பெரும்பாலும் நெடுஞ்சாலையில் மணிக்குச் சராசரி 60 கி.மீ. வேகத்தில் ஓடியது என்றால், அதன் இன்ஜின் 4,000 மணி நேரம் வேலை செய்திருக்கிறது. மற்றொன்று சென்னை நகர நெரிசலுக்குள் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்திருந்தால், அதே தூரத்துக்கு அதன் இன்ஜின் 12,000 மணி நேரம் சுழன்றிருக்கிறது. கிளட்சும் பிரேக்கும் பட்ட பாடு அதைவிட அதிகம். டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் உழைப்பை மணிக்கணக்கில் அளக்கும் நாம், காருக்கு மட்டும் ஏனோ தூரத்தை வைத்து அளக்கிறோம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த இர்வ் கார்டன் என்ற ஆசிரியர், 1966-இல் வாங்கிய வால்வோ பி1800 காரிலேயே 2013-இல் 30 லட்சம் மைலைக் கடந்தார். நம் கணக்கில் அது ஏறத்தாழ 48 லட்சம் கி.மீ. அவர் கார் அதிசயக் கார் அன்று. இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. ஆனால் அவர் நாள்தோறும் வேலைக்குப் போய்வந்த நீண்ட பயணத்தில் இன்ஜின் நன்றாகச் சூடேறி ஒரே சீராக ஓடியது. ஆயில் மாற்றுவதையும் அவர் தள்ளிப்போடவில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை விட்டுவிட்டு, சூடேறுவதற்குள் அணைக்கப்படும் இன்ஜினுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

ஆகவே கார் என்பது ஒரே வயதுடைய ஒரு பொருள் அன்று. அதன் உறுப்புகள் வெவ்வேறு கடிகாரங்களின்படி முதுமை அடைகின்றன. சில உறுப்புகளைத் தூரம் தேய்க்கிறது. சிலவற்றைக் காலம் உலர்த்துகிறது. சிலவற்றை வெப்பம் தளர்த்துகிறது. எந்த உறுப்பு எந்தக் கடிகாரத்தின்படி ஓடுகிறது என்பது தெரிந்துவிட்டால், பழைய காரைப் பற்றிய அச்சத்தில் பாதி போய்விடும்.

தூரத்தால் தேய்பவை பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவையே: பிரேக் பேட், கிளட்ச் தட்டு, வீல் பேரிங், டயரின் மேற்பரப்பு. இவை தேய்வதை ஒலியாகவோ அதிர்வாகவோ முன்கூட்டியே சொல்லிவிடுவதால், இவற்றைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. சற்று நின்று பார்க்க வேண்டியது டைமிங் செயின் அல்லது டைமிங் பெல்ட். மேலே வால்வுகள் திறந்து மூடுவதையும் கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்குவதையும் ஒரே தாளத்தில் கட்டிவைத்திருப்பது இதுதான். பல இன்ஜின்களில், குறிப்பாக டீசல் இன்ஜின்களில், இது அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் வால்வின்மேல் மோதி, ஒரே நொடியில் இன்ஜின் வீணாகிவிடும். 2005-இல் இங்கே வந்த இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் இன்ஜினில் இருப்பது பெல்ட்; அது எந்த அறிகுறியும் காட்டாமல் அறுந்துவிடக்கூடும் என்பதால், கையேட்டில் சொன்ன தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட வேண்டும்.

நான் ஓட்டுவது 2012-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டீசல். அதிலிருக்கும் ஃபியட் வழிவந்த 1,248 சி.சி. இன்ஜின், மாருதி, டாடா, ஃபியட் என்று பல நிறுவனக் கார்களில் இடம்பெற்றதால், அதை 'இந்தியாவின் தேசிய டீசல் இன்ஜின்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அதில் பெல்ட் இல்லை, செயின்தான். செயினுக்கு ஆயுள் முழுவதும் மாற்றமே தேவையில்லை என்ற பேச்சைப் பாதிதான் நம்பலாம். செயின் 'நீண்டுவிட்டது' என்று மெக்கானிக் சொல்லும்போது இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. சைக்கிள் செயினைப் போலவே, கண்ணிகளை இணைக்கும் ஒவ்வொரு பின்னும் மயிரிழை அளவு தேய்ந்து, அந்தத் தேய்மானங்கள் எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகின்றன. தேய்ப்பது எது என்றால், டீசல் எரிவதால் ஆயிலில் கலக்கும் கரி. அந்தச் செயினை இறுக்கிப் பிடித்திருக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு நொடிகள் சங்கிலியை உலுக்குவதுபோல் ஒரு சத்தம் எழுந்து அடங்கினால், ஆயில் அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்வாக ஆடுகிறது என்று பொருள் கொள்ளலாம். கிலோமீட்டரால் தேய்வதாகத் தோன்றும் உறுப்பு ஒன்று, உண்மையில் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டதால் தேய்கிறது என்பது இதில் தெரிகிறது. அதே 2,40,000 கி.மீ.யில் ஒரு செயின் புதிதுபோல இருப்பதும் மற்றொன்று உதிரும் நிலையில் இருப்பதும் இதனால்தான்.

காலத்தால் முதுமை அடைபவை வேறு வகை. நிறுத்தியே வைத்திருந்தாலும் இவை கெட்டுப்போகும். பத்து ஆண்டுகளில் 30,000 கி.மீ. மட்டுமே ஓடிய கார் என்று பெருமையாக விற்கப்படும் வண்டிகளில் வாங்கியவுடன் வரிசையாகச் செலவு வருவதற்குக் காரணம் இவைதான். முதலிடம் ரப்பருக்கு. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஆக்ஸில் பூட், ஆயில் சீல், ரேடியேட்டர் ஹோஸ் ஆகிய எல்லாமே ரப்பர். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் இன்ஜின் சூடும் சேர்ந்து ரப்பரை மெல்ல இறுக்கிவிடுகின்றன. எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் ஒரு வயதான மெக்கானிக். வண்டி குளிர்ந்திருந்தபோது ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து மெதுவாக அழுத்தி, "பாருங்க சார்" என்றார். மேலுக்கு வழவழப்பாக இருந்த கறுப்புக் குழாயில், மடிந்த இடத்தில் மட்டும் மெல்லிய கோடுகள் விரிந்தன, கோடைக்காலத்து ஏரித் தரைபோல. விரலை எடுத்ததும் மறைந்துவிட்டன. கிளாம்ப் பிடித்திருந்த ஓரத்தில் வெள்ளையாகப் பூத்த கறை வேறு இருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் துளித்துளியாகக் கசிந்து காய்ந்த தடம் அது. அடுத்த வாரம் திருச்சிக்குப் போவதாக இருந்தேன். ஹோஸை மாற்றிவிட்டுத்தான் போனேன்.

பிரேக் ஆயில் காலத்தால் கெடுவது பலருக்குத் தெரியாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. அந்த ஆயிலின் தரங்களுள் ஒன்றான டாட் 4-க்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது, அந்த வேறுபாடு உயிரோடு விளையாடும்: திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. அதனால் ஓடிய தூரம் எதுவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றுவது நல்லது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களையும் பார்த்துப் பழக வேண்டும்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மேற்பரப்பில் பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பக்கச் சுவரில் வெடிப்புக் கண்ட டயர் நெடுஞ்சாலைக்கு உதவாது.

மூன்றாவது கடிகாரம் வெப்பம். பழைய கார்களின் இன்ஜின்கள் வயதாகி ஓய்வதைவிட, ஒரே ஒரு மதிய வேளையில் கொதித்துச் சாவதே அதிகம் என்பது என் எண்ணம். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குளிர்விக்கும் அமைப்பு என்பது ஒரு பிரஷர் குக்கர். ரேடியேட்டர் அல்லது கூலண்ட் தொட்டியின் மூடியில் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் உள்ளன. அவை உள்ளே ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி நிறுத்துவதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் 120 டிகிரி அளவில்தான் கொதிக்கிறது. குக்கர் மூடியின் கேஸ்கட் தளர்ந்தால் விசில் வராததுபோல, இந்த மூடியின் ரப்பர் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. கூலண்ட் சீக்கிரமே கொதித்துப் பொங்கி வெளியேறும். சில நூறு ரூபாய் மூடியைக் கவனிக்காமல் பல்லாயிரம் ரூபாய்க்கு ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) வேலை செய்தவர்களை நான் அறிவேன். சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறக்கக்கூடாது என்பதும் குக்கரை விசில் அடங்கும் முன் திறக்கக்கூடாது என்பதும் ஒன்றே.

கூலண்ட் என்பது நிறம் கலந்த தண்ணீர் என்ற எண்ணமும் இங்கே பரவலாக இருக்கிறது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. உடன் கலந்த வேதிப்பொருள்கள் அலுமினியம் அரிக்காமல் காக்கின்றன. இந்த வேதிப்பொருள்கள் காலப்போக்கில் தீர்ந்துபோவதால்தான் கூலண்டை மாற்றச் சொல்கிறார்கள். போர்வெல் தண்ணீரை ஊற்றிப் பழகிய வண்டியில், வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே உப்புப் படலம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கிறது. கொதிக்கிறது என்று போனால், சில பட்டறைகளில், வெப்பத்துக்கு ஏற்பக் கூலண்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனி கொதிக்காது" என்று அனுப்பிவிடுகிறார்கள். இது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது. இன்ஜின் உரிய வெப்பத்தை அடையவே மாட்டாமல், குளிர்ந்திருப்பதாக எண்ணி எரிபொருளைக் கூடுதலாகச் செலுத்தும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகும். அடைபட்ட ரேடியேட்டர் அடைபட்டே இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வெப்பமானியின் சென்சார் கூலண்டில் நனைந்திருந்தால்தான் சரியாக அளக்கும். ஹோஸ் வெடித்துக் கூலண்ட் முழுவதும் கொட்டிவிட்டால், காற்றில் தொங்கும் சென்சார் தவறான அளவைக் காட்டக்கூடும். முள் இறங்குகிறதே என்று மகிழ்ந்து ஓட்டுகிறவர், சிலிண்டர் ஹெட் வளைந்தபின்தான் வண்டியை நிறுத்துவார். முள் திடீரென்று ஏறினாலும், ஏறியபின் காரணமின்றி விழுந்தாலும், ஓரமாக நிறுத்தி அணைப்பதே சரி. கொதித்த வண்டியில் ஆயில் மூடியின் அடியில் காபி நிறத்தில் நுரை படிந்திருந்தாலோ, கூலண்ட் தொட்டியில் எண்ணெய் மிதந்தாலோ, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்ஜினின் உள்நிலையை அறியப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. புகை பாதியைச் சொல்லிவிடும். நீலப்புகை ஆயில் எரிவது. நின்றிருந்து கிளம்பும்போது மட்டும் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ என்று ஊகிக்கலாம். கரும்புகை, எரியாமல் மிஞ்சும் எரிபொருள். சூடேறிய பின்னும் நிற்காத, இனிப்பு வாடை கலந்த வெண்புகை, கூலண்ட் எரிவதன் அடையாளம். டீசல் வண்டியை வாங்கப் போகிறவர்கள் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதன் வாயின்மேலேயே தளர்வாக வைத்துப் பார்க்க வேண்டும். மூடி லேசாக நடுங்கினால் இயல்பு. குதித்து விழுந்து, உள்ளிருந்து புகை குபுகுபுவென்று வந்தால், எரியறையின் அழுத்தம் தேய்ந்த ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள். இதை மறைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். மெல்லிய ஆயில் கேட்கும் இன்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றிவிட்டால், விற்கும் வரையில் சத்தமும் புகையும் அடங்கியிருக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் தேன்போல் கெட்டியாக வழிந்தால், மகிழ்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை நோயைப் பற்றியவை. வைத்தியத்தைப் பற்றியும் ஓர் அனுபவம் உண்டு. 2,31,000 கி.மீ. கடந்த சமயத்தில், என் வண்டி சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் முதல் கண்ணாடிவரை நடுங்கத் தொடங்கியது. ஒரு பட்டறையில், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றியாக வேண்டும் என்றார்கள். எந்தச் சோதனையும் செய்யவில்லை, வயதைக் கேட்டே முடிவு சொல்லிவிட்டார்கள். ஹோஸை அழுத்திக் காட்டிய அதே மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்னை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முதல் கியரில் கிளட்சைக் கால்வாசி விடச் சொன்னார். பிறகு ரிவர்ஸில் அதையே செய்யச் சொன்னார். திறந்த பானெட்டின் முன் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், இன்ஜின் ஒரு பக்கம் மட்டும் எழும்பி எழும்பி விழுவதைக் கண்டு, மவுண்ட் கிழிந்திருக்கிறது என்றார். புது மவுண்ட்டின் விலை, ஓர் இன்ஜெக்டரின் விலையில் சிறு பங்குதான். இன்ஜெக்டர்களை மாற்றியிருந்தாலும் நடுக்கம் அப்படியே இருந்திருக்கும், அடுத்துப் பம்பை மாற்றச் சொல்லியிருப்பார்கள். பழைய வண்டியில் பணம் கரைவது பழுதுகளால் மட்டும் அன்று. சோதிக்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதாலும்தான். "எப்படித் தெரியும்?" என்று மெக்கானிக்கிடம் பணிவாகக் கேட்பதற்கு யாரும் தயங்கவேண்டியதில்லை.

எந்த வேலையை முதலில் செய்வது என்ற கேள்விக்கு நான் பின்பற்றும் வரிசை எளியது. நிற்பதற்கும் திரும்புவதற்கும் உரியவை முதலில். இன்ஜினைக் கொல்லக்கூடிய ஆயில் கசிவு, கூலண்ட் கசிவு, டைமிங் ஆகியவை அடுத்து. சத்தமும் சொகுசும் கடைசியில். புதிதாகக் கைக்கு வந்த பழைய வண்டியானால், முந்தையவர் என்ன சொன்னாலும் எல்லாத் திரவங்களையும் ஃபில்டர்களையும் மாற்றிவிட்டு, தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம் ஆகியவற்றை ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்துவைப்பது நல்லது. என் டேஷ்போர்டில் கிடக்கும் நாற்பது பக்க நோட்டு, வண்டியின் ஆர்.சி.யைவிட எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

பாகங்கள் வாங்குவதில், கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது மட்டுமே ஒரிஜினல் என்று எண்ண வேண்டியதில்லை. கார் நிறுவனங்களுக்கே பாகம் செய்து கொடுப்பவர்கள், அதே வகைப் பாகத்தைத் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். சென்னை பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, ஸ்டியரிங் பாகங்களுக்குப் பெயர்பெற்ற ரானே ஆகியவை அத்தகையவை. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் இவற்றைப் பார்த்து வாங்கலாம். அதே நகரின் புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பாகங்களில் கதவு, விளக்கு, கண்ணாடி போன்றவற்றை வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் பாகங்களை அங்கே தேடுவதை நான் ஏற்கமாட்டேன்.

பணக்கணக்கில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. 2 லட்சம் ரூபாய் பெறும் வண்டிக்கு 60,000 ரூபாய் செலவா என்று மலைக்கிறார்கள். ஒப்பிட வேண்டியது வண்டியின் விலையோடு அன்று. அந்த வண்டி இல்லாவிட்டால் ஆகும் செலவோடு. அந்த 60,000 ரூபாய் வேலை வண்டியை இரண்டு ஆண்டுகள் ஓடவைத்தால், மாதத்துக்கு 2,500 ரூபாய். புதிய காருக்கு 8 லட்சம் ரூபாய் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 16,600 ரூபாய், காப்பீடு தனி. ஆனால் இந்தக் கணக்கில் சேராத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லாத பழைய வண்டியில் குடும்பத்தோடு இரவில் நெடுஞ்சாலையில் போகிறவர், மிச்சமாகும் தவணையை மட்டும் பார்ப்பது நியாயமாகாது.

பதிவு முடியும் ஆண்டையும் கருத்தில் கொள்ள வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனைக்குப்பின் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி அதற்குமேல். பெரிய இன்ஜின் வேலையைச் செய்வதாக இருந்தால், அந்தத் தேதிக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

இன்ஜின், கியர்பாக்ஸ், ஏ.சி. ஆகிய எதையும் மாற்றிக்கொள்ளலாம். உடற்கூட்டை மாற்ற முடியாது. கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டி என்றால், உடற்கூட்டில் துரு ஏறியிருக்கிறதா என்ற சோதனையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே செய்துவிடுவது உத்தமம். மழைநீர் வடியக் கதவின் அடியில் உள்ள துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பைத் தூக்கி, கதவுப் படிக்கட்டின் அடிப்பகுதியையும் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடங்களையும் ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்கலாம். கணீரென்ற ஒலி வந்தால் தகடு நன்றாக இருக்கிறது. மொத்தென்று கேட்டு, முனையால் அழுத்தும்போது துருத் துகள்களோடு உள்ளே இறங்கினால், அந்த வண்டியின் இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அதற்கு இனிமேல் ஆயில் மாற்றுவதைத் தவிர வேறு செலவு செய்ய வேண்டாம்.